கை வைக்காத தோணி

"தலையை நான் பாத்துக்கறேன். நீ தோளைப் பிடிச்சுக்கப்பா," என்றார் கோயில் உபதேசியார்.

பிரான்சுவா குனிந்து அண்ணனின் தோள்களுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினான். விடியற்காலையில்தான் உயிர் போயிருந்தது. உடம்பு இன்னும் முழுக்க விறைக்கவில்லை. கழுத்து தளர்ந்து அவன் முழங்கைமேல் சாய்ந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அண்ணனைத் தொடாத கை. தொடுவதற்கு இப்படி ஒரு வேளைதானா வாய்க்க வேண்டும் என்று நினைத்தான். அப்படி நினைக்கக்கூடத் தனக்கு அருகதை இல்லை என்று உடனே தோன்றியது.

கிணற்றடியில் பலகை போட்டு, சுற்றிலும் பழைய புடவைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். அண்ணி அகஸ்டினா உள்ளேயிருந்து தண்ணீரை வெதுவெதுப்பாக விளாவி அனுப்பியிருந்தாள். செத்தவருக்கு எதற்கு வெந்நீர் என்று பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி கேட்டதற்கு, "அவுருக்குப் பச்சைத் தண்ணி ஆவாது," என்று மட்டும் சொன்னாளாம்.

உபதேசியார் சட்டையைக் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டி விலக்கினார். வெட்டிய கை அப்படியே நின்றது.

"இது இன்னாப்பா காயம்?"

இடது மார்பிலிருந்து விலாவரைக்கும் ஒரு சாண் அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. நடுவில் கறுப்பு, ஓரங்களில் மஞ்சள். அந்தக் கறுப்பின் மேல்விளிம்பு கோடு போட்டதுபோல நேராக இருந்தது. கோட்டின் இரண்டு முனைகளிலும் தோல் கிழிந்து சிறிய பொருக்கு கட்டியிருந்தது. தோணியின் பின்பலகையில் அப்பா காலத்தில் அடித்த இரும்புப் பட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆணித்தலைகள் உண்டு. சின்ன வயதில் அந்த ஆணிகளில் சட்டை மாட்டிக் கிழிந்து அம்மாவிடம் அடி வாங்கியவன் பிரான்சுவா. அவனுக்கு அது என்ன காயம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"தெரியலிங்க," என்றான்.

"வண்டிக்காரன் உடம்பு. எங்கியாவது மூட்டை கீட்டை விழுந்திருக்கும்," என்று உபதேசியாரே சமாதானம் சொல்லிக்கொண்டு தண்ணீரை மொண்டு ஊற்றினார். பிரான்சுவாவுக்கு அப்பாடா என்று இருந்தது. அண்ணன் பிணத்தைக் கையில் தாங்கிக்கொண்டு அப்பாடா என்று மூச்சு விடுகிற மனுஷனும் உலகத்தில் இருக்கிறான், அது நான்தான் என்று நினைத்தபோது அவனுக்குத் தலை நிமிரவே இல்லை.

செத்துப்போன சவரிராயன் மற்ற நாட்களில் ஒற்றை மாட்டு வண்டிக்காரர். ரயிலடியிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு மூட்டை அடிப்பார். கார்த்திகை போய்ப் பனி விழ ஆரம்பித்தால் சனிக்கிழமைகளில் வேறு வேலை. வெள்ளைக்காரத் துரைமார் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசுட்டேரிக்கு வாத்துச் சுடப் போவார்கள். அவர்களை ஏரிக்குள் கொண்டுபோகவும், சுட்டு விழுந்ததைப் பொறுக்கி வரவும் தோணி வேண்டும். ஏரிக்கரையில் விட்டுவந்தால் விடிவதற்குள் பலகை பலகையாகப் போய்விடும் என்பதால் தோணி நெல்லித்தோப்பில் வீட்டுச் சுவரோரமாகவே கிடக்கும். சனிக்கிழமை சாயந்திரம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், இரவு கரையில் படுத்து, மறுநாள் வேலை முடித்து இருட்டுக்குள் திரும்புவது வழக்கம். அப்பா செய்தார். பிறகு அண்ணனும் தம்பியும் செய்தார்கள்.

அது இரண்டு பேர் செய்கிற வேலை. மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் ஏர்க்காலை மேலே தூக்கினால் வண்டி பின்பக்கமாகச் சாய்ந்து வால் தரையைத் தொடும். அந்தச் சரிவில் தோணியின் மூக்கை வைத்து ஒருவன் பின்னாலிருந்து தள்ள வேண்டும். இன்னொருவன் முன்னால் நின்று கயிற்றை இழுக்க வேண்டும். பாதிக்கு மேல் ஏறிவிட்டால் முன்னால் இருப்பவன் ஏர்க்காலில் தொங்குவான். வண்டி மட்டத்துக்கு வந்துவிடும். பேசிக்கொண்டே செய்து முடிக்கலாம். சகோதரர்கள் இருவரும் அப்படித்தான் செய்தார்கள், முப்பத்தாறாம் வருஷம் ஜூலை மாதம் வரைக்கும்.

அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளிகள் மேல் வெள்ளைக்கார சர்க்கார் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பிரான்சுவாவுக்குப் பக்கத்தில் நின்று கோஷம் போட்ட கலியமூர்த்தி, கோஷத்தின் பாதியிலேயே உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பஞ்சு ஒட்டிய அவன் தலைமுடியை மடியில் வைத்துக்கொண்டு பிரான்சுவா வெகுநேரம் தெருவில் உட்கார்ந்திருந்தான். பெயர் மட்டும் வெள்ளைக்காரப் பெயர், ஆனால் வெள்ளைக்காரனைக் கண்டால் ஆகாது என்று மில்லில் அவனைக் கேலி செய்கிறவர்கள்கூட அதற்குப் பிறகு கேலி செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

பனிக்காலம் வந்தது. சவரிராயன் வழக்கம்போல வண்டிக்கு எண்ணெய் போட்டார். தெருவில் வைத்தே சண்டை வந்தது.

"எவன் சுட்டானோ அவனுக்கே தோணி தள்ளப் போறியா நீ?"

"வாத்து சுடறவன் வேற, ஆளைச் சுடறவன் வேறடா. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"துப்பாக்கி ஒண்ணுதான."

"நீ வரலன்னா வூட்ல இரு. என்னை ஏன் தடுக்கற?"

பிரான்சுவா வீட்டுக்குள் போய்ச் சுவரில் இருந்த அந்தோணியார் படத்தை எடுத்துவந்தான். படத்தின் மேல் கை வைத்து, தெருவே கேட்கும்படி, "இந்தத் தோணியில இனிமே கை வெச்சேன்னா என் வம்சம் தழைக்காது, அந்தோணியார் மேல ஆணை," என்றான். உள்ளே அவன் பெண்சாதி லூர்துசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். ஏற்கனவே இரண்டு குழந்தைகளைப் பிறந்த மாதமே புதைத்தவள் அவள். சவரிராயன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தோணியின் பின்னால் போய் நின்று தனியாகத் தள்ள ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து தனியாகத்தான். சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுப்பார். பின்னால் வந்து கொஞ்சம் தள்ளுவார். தள்ளியதை மார்பாலும் முழங்காலாலும் அண்டக் கொடுத்து நிறுத்திவிட்டு, கையை எட்டி உருளைக் கட்டையைச் செருகுவார். முன்னால் ஓடிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவார். மறுபடி பின்னால். எதிரே தன் வீட்டு வாசற்படியில் பிரான்சுவா பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் தெரு. உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். போக மாட்டான். தான் உதவிக்கு வரவில்லை என்பது அண்ணனுக்குத் தெரிய வேண்டும் என்றே ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே உட்கார்ந்தான்.

அதில் இன்னொன்றும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் ஒரு வார்த்தை கூப்பிட்டால் போய்விடுவது என்று முதல் வருஷமே முடிவு செய்துவிட்டான். மூத்தவர் கூப்பிட்டுப் போனால் அந்தோணியார்கூடக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். அண்ணன்தான் கூப்பிடவில்லை. எவ்வளவு திமிர் இந்த மனுஷனுக்கு, நாக்கு ஒடிந்தா போகும் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே பீடியை இழுப்பான்.

போன சனிக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். காலையில் ஒரு மழை பெய்து தெரு நசநசவென்று கிடந்தது. பெண்கள் எல்லாரும் தெருமுனைக் குழாயடிக்குப் போயிருந்தார்கள். தோணி பாதி ஏறியிருந்தபோது சவரிராயனின் கால் சேற்றில் வழுக்கியது. முடிச்சு இன்னும் போட்டிருக்கவில்லை. தோணி உருளையோடு சேர்ந்து இறங்கி வந்து அவரைச் சுவரோடு வைத்து இடித்தது. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. நெல் மூட்டையைக் கீழே போட்டதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அவர் சுவரில் சாய்ந்தபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். வாய் திறந்திருந்தது. கண் நேராக எதிர்வீட்டு வாசற்படியைப் பார்த்தது.

பிரான்சுவா ஒரு காலைத் தெருவில் இறக்கிவிட்டான். கூப்பிடு என்று மனசுக்குள் சொன்னான். இப்பவாவது கூப்பிடு. ஒரு வார்த்தை. அண்ணனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அப்புறம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரைப் பிடித்து எழுந்தார். இருமினார். இருமி முடித்துவிட்டுத் தோணியின் பின்பலகையில் கை வைத்தார்.

பிரான்சுவா இறக்கிய காலை எடுத்து மறுபடியும் படிமேல் வைத்துக்கொண்டான்.

அவர் ஏற்றி முடித்தார். முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. மாட்டைப் பூட்டிக்கொண்டு ஊசுட்டேரிக்குப் போனார், மறுநாள் முழுக்கத் துரைக்குத் தோணி தள்ளினார், இருட்டியபின் திரும்பி வந்தார். தோணியை இறக்காமலே மாட்டை மட்டும் அவிழ்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தவர்தான். கரையில் பனியில் படுத்ததால் வந்த ஜுரம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒப்பித்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்றதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டினார். செவ்வாய்க்கிழமை கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவருக்குப் பூசுகிற எண்ணெயை எடுத்து அவஸ்தை பூசினார். பிரான்சுவா அறை வாசல் வரைக்கும் போய் நின்றான். அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்து, தலையணை ஓரத்தில் கையைக் கொஞ்சம் நகர்த்தினார். வா என்றா, போ என்றா என்று தெரியவில்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டு வந்துவிட்டான்.

இப்போது அந்தக் கைகளைச் சேர்த்து வைத்து உபதேசியார் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் கோயில் மணி ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தது. கோயிலிலிருந்து சவப்பெட்டியைத் தூக்கிப்போகும் தூம்பா வந்துவிட்டது. கறுப்புத் துணி போர்த்திய அந்தத் தூம்பா தெருவுக்குள் நுழையவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு நிறுத்திய இடத்திலேயே வண்டி நின்றிருந்தது, மேலே தோணியோடு.

"முதல்ல இதை இறக்குங்கப்பா. நாலு பேர் வாங்க," என்றார் உபதேசியார்.

மில்லிலிருந்து வந்தவர்களில் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள், ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள், தோணி கீழே வந்துவிட்டது. அதைச் சுவரோரம் ஒதுக்கி வைத்த பிறகும் அவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை. அதில் ஒருவன் தோணியைச் சுற்றி வந்து பார்த்தான்.

"இதையா சவரி அண்ணன் ஒண்டியா ஏத்தும்?" என்றான். "தம்பி, நீ சும்மாவா இருந்த?"

அவன் வேண்டுமென்று கேட்கவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டான். உடனே பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் இடித்தான். பிரான்சுவா மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உருகிய மெழுகு விரல்மேல் விழுந்தது. அதை உதறவில்லை.

தலைமாட்டில் தோள் கொடுக்கச் சொன்னபோது கொடுத்தான். கோயிலிலும் கல்லறையிலும் ஜனங்கள் அவனைப் பற்றி நல்லவிதமாகவே பேசினார்கள். என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன், குளிப்பாட்டினதிலிருந்து குழியில் இறக்கினது வரைக்கும் எல்லாம் தம்பி கைதான் என்றார்கள். ஒரு கிழவர் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் அவனுக்கு அறை வாங்கியதுபோல இருந்தது. மண்ணை அள்ளிப் போடும்போது கலியமூர்த்தியை நினைத்துக்கொள்ளப் பார்த்தான். இவ்வளவு நாளும் அதுதான் அவனுக்குக் கைகொடுத்தது. கலியமூர்த்திக்காகத்தான் இதெல்லாம் என்று சொல்லிக்கொள்வான். ஆனால் கலியமூர்த்தி இப்படி ஒரு ஆணையை அவனிடம் கேட்டதே இல்லை என்பது அங்கே, குழிக்கு முன்னால் நின்றபோது, தெளிவாகத் தெரிந்தது. கலியமூர்த்தி இருந்திருந்தால் அவனே ஓடிப்போய் ஒரு கை பிடித்திருப்பான்.

வெள்ளிக்கிழமை, துரை வீட்டு வேலைக்காரர் அம்மாவாசை சைக்கிளில் வந்தார். வாசலில் நின்றபடியே துக்கம் விசாரித்தார். முசே துரை ரொம்ப வருத்தப்பட்டதாகச் சொன்னார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை துரை ஏரிக்கு வருகிறார், தோணி இல்லையென்றால் வில்லியனூர்ப் பக்கம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், அப்புறம் அவனே நிலைத்துவிடுவான் என்று இழுத்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அகஸ்டினாவின் குரல் வந்தது. "தோணி வரும்னு சொல்லுங்க."

எதிர்வீட்டிலிருந்து பிரான்சுவா அதைக் கேட்டான். யார் கொண்டுபோவது என்று யோசித்தான்.

மறுநாள் முதல் ஷிப்டு முடிந்து அவன் தெருவுக்குள் நுழைந்தபோது வண்டியின் ஏர்க்கால் மேலே நின்றது. அகஸ்டினா சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். பெண்பிள்ளைகள் இரண்டையும் லூர்துசெல்வி தன்னோடு குழாயடிக்குக் கூட்டிப் போயிருந்தாள். அவளுக்கு ஐந்தாம் மாதம். குடம் தூக்கக் கூடாது, சும்மா போயிருந்தாள்.

"இன்னா அண்ணி இது?"

"ஏரியில முருகையன் இருக்கான். அவன் தோணி தள்ளுவான். வண்டி நான் ஓட்டிப்பேன்."

"ஏத்தணுமே."

"ஏத்தறேன்."

பிரான்சுவா மில் சட்டையைக் கழற்றி வாசற்படியில் போட்டான். "நீங்க நகருங்க. நான் ஏத்தறேன். ஏரிக்கும் நானே போறேன்."

அகஸ்டினா பதறிப்போய்த் தோணிக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"வேணாம் தம்பி. கை வெக்காத. ஆணை வெச்சிருக்க நீ."

"அந்தோணியார்கிட்ட நான் பேசிக்கறேன்."

"பேசிக்கற விஷயமா அது? வூட்ல அவ மாசமா இருக்கா." அவள் இரண்டு கைகளையும் விரித்துத் தோணியை மறைத்துக்கொண்டாள். "இதுக்குத்தான அவரு இவ்ளோ நாளு ஒண்டியா மாரடிச்சாரு? எத்தினி தபா சொல்லியிருப்பேன். எதுத்தாப்புல தான குந்திக்கினு இருக்கான், ஒரு வார்த்த கூப்புடுங்களேன், வந்துடுவான்னு. 'கூப்ட்டா வந்துடுவான்டி, அதான் கூப்படல'ன்னாரு. 'வம்சம் தழைக்காதுன்னு சொல்லி ஆணை வெச்சிருக்கான். ஏற்கெனவே ரெண்டு போயிடுச்சி. நான் கூப்ட்டு, அவன் கை வெச்சி, நாளைக்கு ஒண்ணுன்னா அந்தப் பாவம் என்னுதாயிடும். ஒண்டியாவே ஏத்திட்டுப் போறேன், எனக்கென்ன உடம்புல தெம்பு இல்லியா'ன்னாரு. இந்தத் தபா அவ மாசமா இருக்கறது தெரிஞ்சப்புறம், உன் மூஞ்சியப் பாக்கவே பயந்தாரு. பாத்தா நீ எழுந்து வந்துடுவியோன்னு."

பிரான்சுவா சுவரைப் பிடித்துக்கொண்டான். திமிர் என்று நினைத்தானே, நாக்கு ஒடிந்தா போகும் என்று கறுவினானே, அத்தனை சனிக்கிழமைகளும் ஒன்றாகச் சேர்ந்து வந்து அவன்மேல் விழுந்தன. திருப்பிக்கொண்ட அந்த முகம் கண்முன் வந்தது. அவன் காலைத் தெருவில் இறக்கியதைப் பார்த்துத்தான் அவர் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

"மார்ல அடிபட்டதைக்கூடச் சொல்லல," என்றாள் அகஸ்டினா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தைலம் தடவறப்பதான் பாத்தேன். இன்னாதுன்னு கேட்டேன். தோணி நழுவிடுச்சின்னாரு. யாரையாவது கூப்ட்டிருக்கலாமேன்னேன். தெருவுல யாருமே இல்லன்னாரு."

சொல்லாமல் இருந்துவிடலாம். அவளுக்குத் தெரியாது. உபதேசியாருக்குத் தெரியாது. தெரிந்தவர் கல்லறையில் இருக்கிறார், அவரும் சொல்லாமலே போய்விட்டார். காலம் முழுக்க நல்ல தம்பி என்ற பெயரோடு அவள் வீட்டில் சோறு தின்னலாம்.

"நான் இருந்தேன் அண்ணி," என்றான் பிரான்சுவா.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அந்தப் படியிலதான் குந்திக்கினு இருந்தேன். தோணி இடிச்சதப் பாத்தேன். அவரு என்னைப் பாத்தாரு. கூப்புடட்டும்னு இருந்துட்டேன்."

அகஸ்டினா அவன் முகத்தைப் பார்த்தாள், அவன் கைகாட்டிய வாசற்படியைப் பார்த்தாள். அதன் மேல் கிடந்த மில் சட்டையையும் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றிருப்பான். அவள் இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டு, படியேறி, உள்ளே போய்விட்டாள். கொஞ்சநேரத்தில் பின்கட்டில் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்க்கிற மாதிரி இருந்தது.

பிரான்சுவா தோணியின் பின்பலகையில் இரண்டு கைகளையும் வைத்தான்.

மூக்கை வண்டியின் வால்மேல் தூக்கி வைத்தது வரைக்கும் கனம் தெரியவில்லை. முதல் தள்ளுக்கு ஏறியது. முழங்காலைக் கொடுத்து நிறுத்தி, உருளையைச் செருகி, முன்னால் ஓடிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். எல்லாம் தெரியும் அவனுக்கு. இரண்டு பனிக்காலமாகப் பார்த்திருக்கிறான் அல்லவா, இந்த வேலையை அவனைப்போலப் பார்த்தவன் யார் இருக்கிறான். இரண்டாம் தள்ளு, மூன்றாம் தள்ளு. பாதி ஏறியதும் தோணியின் கனம் முழுவதும் பின்னால் சாய்ந்து வந்து அவன் மார்பில் உட்கார்ந்துகொண்டது. இரும்புப் பட்டை நெஞ்செலும்பில் பதிந்தது. மேலே தள்ளத் தெம்பு இல்லை. விட்டுவிட்டு முன்னால் போகவும் முடியாது. விட்டால் இறங்கிவிடும். அண்ணன் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தான். இந்த இடத்தில்தான் அவருக்குக் கால் வழுக்கியது.

கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. எதிரே அவனுடைய வாசற்படி தெரிந்தது. அணைந்து கிடந்த பீடித்துண்டுகள்கூடத் தெரிந்தன. அங்கே உட்கார்ந்து பார்க்கும்போது இந்தச் சுவர் எவ்வளவோ தள்ளி இருப்பதாகத்தான் அவனுக்குப் பட்டிருக்கிறது. இங்கிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது, அது எவ்வளவு கிட்டே என்று. எட்டி ஒரு அடி வைத்தால் போதும்.

தோணி ஒரு விரலளவு இறங்கியது.

"அண்ணி," என்றான்.

குரல் வெளியே வரவில்லை. மூச்சை இழுத்து மறுபடியும் கூப்பிட்டான்.

"அண்ணி... ஒரு கை பிடிங்க அண்ணி."

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. அவள் வரமாட்டாள் என்று நினைத்தான். வரவேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. அவள் உள்ளே நின்றுகொண்டு அவன் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. கேட்கட்டும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நெஞ்சைக் கொடுத்து நின்றான். வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. தெருமுனையில் குழாயடியில் பெண்கள் சிரிக்கிறது லேசாகக் கேட்டது.

வெகுநேரம் அப்படி நின்றான். அல்லது அவனுக்கு அப்படித் தோன்றியது.

பிறகு பக்கத்தில் புடவை உரசியது. அகஸ்டினா அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பின்பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, காலை ஊன்றித் தள்ளினாள். தோணி ஏறியது. இரண்டு பேர் கை பட்டதும் அது அவ்வளவு சுலபமாக ஏறியதைப் பார்த்து அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் முன்னால் போய் ஏர்க்காலைப் பிடித்துத் தொங்கினான். வண்டி மட்டத்துக்கு வந்தது. கயிற்றைக் கட்டி முடித்துத் திரும்பியபோது அவள் உள்ளே போயிருந்தாள். கதவைச் சாத்தியிருக்கவில்லை.

மாட்டைப் பூட்டினான். கிளம்புமுன் வண்டியைச் சுற்றி வந்து முடிச்சுகளைப் பார்த்தான். பின்பலகையில், இரும்புப் பட்டைக்கு மேலே, அகஸ்டினாவின் பத்து விரல்களும் சாம்பலாகப் பதிந்திருந்தன. துடைக்க மேல்துண்டை எடுத்தவன் அதை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டான்.

வழியெல்லாம் பனி இறங்கியது. ஊசுட்டேரிக்குப் போய்ச் சேர்ந்து, முருகையன் வந்து ஒரு கை பிடித்துத் தோணியைத் தண்ணீரில் இறக்குகிறவரைக்கும் அந்தச் சாம்பல் தடம் அப்படியே இருந்தது.